ஹக்கீம் என்ற சொல்லும் அதன் பொறுப்பும்

வைத்தியரை ஹக்கீம் என்று அழைப்பது நம்மவரின் நெடுங்கால வழக்கம். அச்சொல்லின் நேர்ப்பொருள் 'ஞானமுடையவர்' என்பதேயாகும். ஹிக்மத் என்றால் ஞானம். ஹிக்மத்தை உடையவர் ஹக்கீம். தத்துவ ஞானியையும் அரபிகள் ஹக்கீம் என்றனர். நாடி பார்த்து மருந்து கொடுப்பவரையும் ஹக்கீம் என்றனர். முற்காலத்தில் இவ்விரு கல்விகளும் ஒரே வீட்டின் இரு அறைகளாக இருந்தன. அவ்வீட்டில் வளர்ந்த முக்கியமான கருத்து எது, அதில் மார்க்கம் பெற்ற இடம் யாது என்பதை இங்கே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

யூனானிலிருந்து வந்த சரக்கு

இக்கல்வியின் முதல் பெரும்பாலும் கிரேக்கருடையது. கிரேக்க நாட்டை அரபிகள் யூனான் என்பர். யூனானி வைத்தியம் என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்கள் உண்டு. அவை அளவோடு இருந்தால் சுகம், அளவு தவறினால் நோய் என்பது அவர்களது கொள்கை. இன்றைய மருத்துவம் இதனை ஏற்பதில்லை. எனினும், நோய் வந்தால் பேய் பிசாசின் மேல் பழி போடாமல் உடலுக்குள்ளேயே காரணத்தைத் தேட வேண்டும் என்று மனிதரைத் திருப்பியதில் அக்கொள்கைக்குப் பெரும் பங்குண்டு.

கி.பி. 129-ல், இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமம் நகரில் பிறந்து, ரோமாபுரியில் புகழ் பெற்ற கேலன் என்பார் இக்கல்வியைத் தொகுத்து நிலைநாட்டினார். அரபிகள் அவரை ஜாலீனூஸ் என்பர். அறிவுக்கு இருப்பிடம் இதயமே என்று அவருக்கு முன் அரிஸ்டாட்டில் கூறியிருந்தார். கேலனோ, உயிருள்ள விலங்கின் குரல் நரம்புகளைக் கட்டிப் பார்த்தார். குரல் அடங்கியது, விலங்கோ துள்ளிக் கொண்டுதான் இருந்தது. அந்நரம்பு மூளையோடு தொடர்புடையது. ஆகவே குரலை ஆள்வது மூளையே என்று நிறுவினார். பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்த்த இவரையே, பிற்காலத்தார் பலர் சோதனைக்கு அப்பாற்பட்டவராக ஆக்கிவிட்டது விந்தையல்லவா?

கேலனின் நூல்களை அரபு உலகுக்குக் கொணர்ந்தவர்களில் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) என்ற கிறிஸ்தவ அறிஞர். அப்பாஸிய கலீபாக்களின் காலத்தில் பாக்தாதில் இருந்து பணியாற்றியவர். கைக்கு வந்த ஒரே பிரதியை நம்பி அவர் மொழிபெயர்க்கவில்லை. பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை நீக்கிய பின்னரே மொழிபெயர்த்தார். வாங்கும் இடத்திலேயே சரக்கைப் பிரித்துப் பார்க்கும் வியாபாரியைப் போன்றவர் அவர் எனலாம்.

ஆசானும் ஐயமும்

அடுத்து வந்தவர் ரய் நகரத்து அபூபக்ர் அர்-ராஸீ. ரய்யிலும் பாக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தவர். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று குறிகளைக் கொண்டு பிரித்துக் காட்டித் தனிநூல் இயற்றியவர். கேலனின் புகழ் உச்சியில் இருந்த காலத்தில் அவர், 'ஜாலீனூஸ் மீது ஐயங்கள்' என்ற பொருள்படும் நூலையும் எழுதினார். அதில் கேலனைத் தமக்கு நன்மை செய்த ஆசான் என்று மதித்துப் பேசுகிறார். ஆயினும் மருத்துவமும் தத்துவமும் எந்த ஆசானுக்கும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட இடந்தருவதில்லை என்று விளக்குகிறார். மரியாதை வேறு, கணக்குப் பார்த்தல் வேறு என்பதே இதன் சாரம். தகப்பனாரோடு கூட்டு வியாபாரம் செய்தாலும் பேரேட்டைச் சரிபார்க்கத்தானே வேண்டும்?

இக்கருத்து தந்த பெரும் பலனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் காண்கிறோம். இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம், நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்று கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே பாடம். டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ் அதனை மறுத்தார். இப்னு சீனாவின் (980-1037) 'கானூன்' என்னும் மாபெரும் நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் 1242-ல் எழுதிய விரிவுரையில், அச்சுவர் கெட்டியானது. தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, அதன் பின்னரே இடப்பக்கம் வருகிறது என்று கூறினார். அவர் சொன்ன வழியே சரியானது.

ஐரோப்பாவில் செர்வீட்டஸ் 1553-லும் கொலம்போ 1559-லும் இதனை எழுதினர். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை நிறுவியவர் ஹார்வே, ஆண்டு 1628. இப்னு நபீஸின் கூற்றோ மறந்துபோய், 1924-ல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-தத்தாவீ பெர்லின் நூலகத்து ஏட்டில் கண்டெடுக்கும் வரை உலகின் கவனத்திற்கு வரவில்லை. புரளாத முதல் பெட்டியில் இருந்தென்ன, இல்லாமற் போயென்ன?

மார்க்கமும் மருந்தும்

இவ்வாறு ஆராய்ந்த இப்னு நபீஸ் மார்க்கத்தை விட்டு விலகியவரல்லர். அவர் ஷாபிஈ மத்ஹபின் சட்டக் கலையைக் கெய்ரோவில் கற்பித்த ஆலிம். தம் இறுதி நோயில், மருந்தாகக் கூட மது வேண்டாமென்று மறுத்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. ஆராய்ச்சியும் பேணுதலும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அவருக்கும் முன்னரே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், வைத்தியக் கல்வி பர்ளு கிபாயா என்று 'இஹ்யா'வில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிடில் எல்லோரும் குற்றவாளிகள் என்பது அதன் கருத்து. பல ஊர்களில் பிற சமயத்தாரைத் தவிர வைத்தியரே இல்லை. நம்மவரோ சட்ட வாதங்களைக் கற்கவே முண்டியடிக்கின்றனர் என்று இமாமவர்கள் வருந்தியும் எழுதினார்கள்.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றுண்டு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் அமைத்த மருத்துவமனையை நடத்தியது வக்பு வருமானம். அதில் கடை வாடகையும் சேர்ந்திருந்தது. 1288-ல் காலமான இப்னு நபீஸ் தம் வீட்டையும் நூல்களையும் அம்மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். அறிஞரின் ஏடும் கடைத்தெருவின் காசும் சேர்ந்தே நோயாளியின் கட்டிலுக்குத் துணை நின்றன.

ஆகவே சகோதரர்களே! "எல்லாம் நம் முன்னோர் கண்டதே" என்று பெருமை பேசிக்கொண்டிருப்பது அம்முன்னோர் வழியன்று. கைத்தொலைபேசியில் வந்ததென்று ஒரு மருந்தை நம்பி, சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதும் அவர்கள் வழியன்று. யார் சொன்னார், எவ்வாறு கண்டார் என்று கேட்பதே அவர்கள் வழி. நம் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அதட்டி அடக்காமல் இருப்போம். கற்க வசதியில்லாத பிள்ளை நம் தெருவில் இருந்தால், கடை வருமானத்தில் ஒரு பங்கை அதன் படிப்புக்கு ஒதுக்குவோம். அல்லாஹ் அதற்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.