பனிநிலத்தின் மொழி

கனடாவின் வடகிழக்கே பனி சூழ்ந்த பகுதிகளில் இனுயிட் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பேசும் மொழி இனுக்டிடுட். 'இனுக்' என்றால் மனிதர். 'டிடுட்' என்பது 'போல' என்று பொருள்தரும் விகுதி. ஆகவே, 'இனுக் ஒருவரைப் போல' என்பதே இம்மொழிப் பெயரின் பொருளாகும். ஒருவரைச் சுட்ட 'இனுக்', இருவரைச் சுட்ட 'இனூக்', மூவரையும் அதற்கு மேற்பட்டோரையும் சுட்ட 'இனுயிட்' என்று கூறுவர்.

இம்மக்களின் முன்னோர் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவினர். அதனால், அலாஸ்கா முதல் கிரீன்லாந்து வரை நெருங்கிய உறவுடைய மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. இனுக்டிடுட் அவற்றுள் ஒன்று. இதில் ஒரு வேர்ச்சொல்லோடு பல விகுதிகள் சேரும். 'என்னால் நன்றாகக் கேட்க முடியவில்லை' என்பதை ஒரே சொல்லில் கூறிவிடலாம்.

தொடக்கத்தில் இம்மொழிக்கு எழுத்து இல்லை. ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் 1840ஆம் ஆண்டில் கிரீ மொழிக்காக ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். பின்னர் வந்த பாதிரிமார்கள் அதனை இனுக்டிடுட் மொழிக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். நம் உயிர்மெய்யைப் போலவே அதில் மெய்யும் உயிரும் ஓர் எழுத்தில் இணைந்திருக்கும். ஆனால், உயிரொலியைக் காட்டத் துணைக்குறி சேர்ப்பதில்லை. எழுத்தையே திருப்பி எழுதுவர். அம்புமுனை போன்ற ஓர் எழுத்து மேல்நோக்கினால் 'பி'. வலப்புறம் நோக்கினால் 'பு'. இடப்புறம் நோக்கினால் 'ப'.

20ஆம் நூற்றாண்டில் இம்மொழிக்குப் பெரும் சோதனை வந்தது. இனுயிட் பிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்குத் தாய்மொழியில் பேசியவர்கள் தண்டிக்கப்பட்டனர். வீடு திரும்பியபோது, சிலரால் தம் பாட்டியுடன்கூட உரையாட இயலவில்லை. இப்பள்ளிகளுக்காகக் கனடா அரசு 2008ஆம் ஆண்டில் மன்னிப்புக் கேட்டது.

1999ஆம் ஆண்டில் நுனாவுட் என்னும் ஆட்சிப்பகுதி உருவானது. அப்பெயருக்கு 'நம் நிலம்' என்று பொருள். இனுயிட் மொழியில் கல்வி பெறும் உரிமையை அங்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது. இன்று கனடாவில் ஏறத்தாழ 40,000 பேர் இம்மொழியைப் பேசுகின்றனர். எனினும், போதிய ஆசிரியர்கள் இல்லாததால் எல்லா வகுப்புகளிலும் இம்மொழியைக் கற்பிக்கும் இலக்கு 2039ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போயுள்ளது. அதுவரை வீட்டில் பெரியவர்கள் இம்மொழியில் பேசினால்தான், பிள்ளைகளும் 'இனுக் ஒருவரைப் போல' பேசுவார்கள்.