பூவேலை எழுத்து எங்கே பொருந்தும்?

கல்லூரியில் கௌபாய் கதை ஒன்றை ஆங்கில நாடகமாகப் போடுகிறோம். போஸ்டருக்கு ‘ரோஸ்வுட்’ ஃபான்ட் எடுத்தேன். பார்க்க அழகு, ஆனால் வாசிக்க முடியவில்லை என்கிறார்கள். மாற்றிவிடவா? – வாசகி, ஈரோடு

மாற்ற வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். போஸ்டர் முழுக்க அதையே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்! ரோஸ்வுட்டை நாடகத்தின் பெயருக்கு மட்டும் வையுங்கள். தேதி, இடம், நடிகர்கள் எல்லாவற்றுக்கும் அலங்காரமில்லாத தடித்த எழுத்து ஒன்று போதும்.

உங்கள் கதைக்கு ரோஸ்வுட்டைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனமும் செலவும் கூடும் என்பதால் மரத்தில் செதுக்கினார்கள். சர்க்கஸ், ஏலம், நாடகம் என எல்லா நோட்டீஸிலும் அதுதான். வில்லியம் பேஜ் தயாரித்த அத்தகைய மர எழுத்தை ஒட்டித்தான் அடோபி நிறுவனம் 1994இல் ரோஸ்வுட்டை வெளியிட்டது.

இதற்கு ‘ஃபில்’ என்று ஒரு ஜோடி உண்டு. தலைப்பை அதில் சிவப்பாக அடித்து, அதன்மேல் ‘ரெகுலர்’ எழுத்தைக் கறுப்பில் அச்சுப் பிசகாமல் வையுங்கள். அந்தக் கால அச்சகங்களும் இரண்டு வண்ணம் காட்டியது இப்படித்தான். ரோஸ்வுட்டில் கேப்பிடல் எழுத்து மட்டுமே உண்டு. அளவைச் சுருக்கினால் பூவேலை அடைத்துக்கொண்டு மைக்கறையாகிவிடும். நிழல், பளபளப்பு எதையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.