தீவு கரையோடு சேர்ந்த கதை

மாணவர்களே, லெபனான் நாட்டின் நிலப்படத்தைப் பாருங்கள். அதன் தென்பகுதியில், மத்தியதரைக் கடலுக்குள் ஒரு சிறு நிலமுனை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டயர் நகரம். விவிலியம் இதைத் தீரு என்று குறிப்பிடுகிறது. அங்குள்ள மக்கள் சூர் என்கிறார்கள். 'பாறை' என்ற பொருளுடைய பழம்பெயரிலிருந்து வந்தது அது.

பாறை என்ற பெயர் பொருத்தமே. பண்டைய டயர், கரையிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருந்த ஒரு பாறைத் தீவு. அது கரையோடு சேர்ந்தது எப்படி?

கடலே அரண்

டயரில் வாழ்ந்த பினீசியர்கள் கடல் வாணிகத்தில் வல்லவர்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரை நிறுவியவர்களும் இவர்களே. கடல் நத்தைகளிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் இவர்களுக்குப் பெரும் பொருள் ஈட்டித் தந்தது. 1909-ல் பால் பிரீட்லெண்டர் என்ற வேதியியலறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து எடுக்க முடிந்த சாயம் 1.4 கிராம்தான். அது அரசர்கள் அணியும் ஆடைக்குரிய நிறமானதில் வியப்பில்லை.

இத்தகைய செல்வத்தைக் கடல் காத்தது. கி.மு. 332-ல் மாவீரன் அலெக்சாந்தர் வந்தபோதும் நகரம் பணியவில்லை. அவரிடம் அப்போது போதிய கப்பல்கள் இல்லை. ஆகவே கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கற்களையும் மரங்களையும் கடலில் கொட்டித் தீவுக்குப் பாதை அமைத்தார். டயர் மக்கள் எரியும் கப்பலை ஏவிப் பாதையிலிருந்த கோபுரங்களைக் கொளுத்தினார்கள். பின்னர் சீதோன், சைப்பிரஸ் முதலிய இடங்களின் கப்பல்கள் அலெக்சாந்தருடன் சேர்ந்தன. ஏழு மாத முற்றுகைக்குப் பின் நகரம் வீழ்ந்தது. சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று அரியன் என்ற பண்டைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

அலைகள் செய்த வேலை

அலெக்சாந்தர் மட்டுமா பாதை போட்டார்? கரைப்பகுதியில் குழாய்களை இறக்கி எடுத்த மண் மாதிரிகளை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றிலிருந்த சிப்பிகளின் வகை, அங்கே கடல் அமைதியாக இருந்ததா, கொந்தளித்ததா என்பதைக் காட்டியது. கதிரியக்கக் கார்பன் முறை காலத்தைக் கூறியது. 2007-ல் வெளியான முடிவு இது: அலெக்சாந்தர் வந்தபோதே தீவுக்கும் கரைக்கும் இடையில், நீர்மட்டத்திற்கு 1 முதல் 2 மீட்டர் கீழே, ஒரு மணல்திட்டு வளர்ந்திருந்தது!

காரணம் எளியது. தீவு அலைகளைத் தடுக்கிறது. விளிம்பு விளைவினால் அலைகள் தீவின் இரு ஓரங்களிலும் வளைந்து பின்புறம் வந்தாலும், அவற்றின் உயரம் குறைந்துவிடுகிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உயரம் பாதியானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். வலுவிழந்த அலையால் மணலைச் சுமக்க முடியாது, அங்கேயே போட்டுவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு மணல் சேர்ந்தது.

அலெக்சாந்தரின் பாதை இந்த வேலையை விரைவாக்கியது. நீரோட்டம் தடைப்பட, இருபுறமும் மணல் குவிந்து, பாதை அகன்ற நிலமாயிற்று. துறைமுகத்தையும் வண்டல் விடவில்லை. பழைய வடதுறைமுகத்தின் ஒரு பகுதி இன்று கட்டடங்களின் கீழே கிடக்கிறது. பகைவரைத் தடுத்த அதே தீவுதான் மணலையும் தன் பின்னால் சேர்த்துக்கொண்டது.

செய்து பாருங்கள்

அகன்ற தட்டின் ஒரு பக்கத்தில் நுண்மணலைச் சரிவாகப் பரப்பி நீர் ஊற்றுங்கள். கரைக்கு இணையாக, சற்றுத் தள்ளி, ஒரு செங்கல்லை வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பலகையை மெல்ல அசைத்து, தொடர்ந்து அலை எழுப்புங்கள். சிறிது நேரத்தில் செங்கல்லை நோக்கி மணல் நீள்வதைக் காணலாம். அடுத்து, செங்கல்லை இன்னும் தொலைவில் வைத்துப் பாருங்கள். மணல் முன்போல் நீள்கிறதா? ஏன் என்று எண்ணிப் பாருங்கள்.