டி3 குறைந்தால் தைராய்டு கோளாறா?

கேள்வி: கடும் கோவிட் நிமோனியாவில் ஐ.சி.யு.வில் இருந்த அப்பாவுக்கு டி3 குறைவு, டி-டைமர் அதிகம் என்றார்கள். ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். தைராய்டு மாத்திரை தரவில்லையே, ஏன்?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டுமீறிய அழற்சி. அது ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, ரத்தத்தை உறையவைக்கிறது. உறைகட்டி கரையும்போது உதிரும் புரதத் துணுக்கே டி-டைமர். கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின்.

அதே அழற்சி, தைராய்டு சுரப்பி சுரக்கும் டி4 ஹார்மோன் டி3 ஆக மாறுவதையும் குறைக்கிறது. சுரப்பி கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. இந்த நிலையில் மாத்திரை தருவதால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. குணமாகிச் சுமார் 6 வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் தாமாக நிறுத்தக்கூடாது.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.