பழைய லேப்டாப்பில் லினக்ஸ்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸுக்கு மாறலாமா? கம்ப்யூட்டரில் நான் கத்துக்குட்டி.

பதில்: தாராளமாக மாறலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து பலரும் யோசிக்கும் வழிதான் இது. கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கணினி பழகுவதே லினக்ஸில்தான்.

புதியவர்களுக்குத் தோதானது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் போலவே இடது மூலையில் மெனு, கீழே பட்டை. 4 ஜிபி ரேம் இருந்தால் போதும், விலை கிடையாது.

ஆனால் எடுத்த எடுப்பில் நிறுவ வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: இறக்கிய கோப்பை அப்படியே நகலெடுத்தால் வேலை செய்யாது, எட்சர் போன்ற செயலியால் எழுத வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் ஒத்துவருகிறதா என்று இரண்டு நாள் சோதிக்கலாம்.

வேர்டு, எக்செல் இடத்தில் லிப்ரெஆபிஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். டேலி, போட்டோஷாப் நேரடியாக ஓடாது. அவை தினமும் தேவைப்படுபவர்கள் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

நிறுவும் நாளில், முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற தேர்வைச் சொடுக்கினால் பழையது எதுவும் மிஞ்சாது.