செங்கல்பட்டு – மாமல்லபுரம்: சனி, ஞாயிறு சுற்றுலாவுக்குப் பத்துக் குறிப்புகள்

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து இடங்களை வரிசைப்படுத்திக்கொண்டால் காலும் சுடாது, படமும் தெளிவாக வரும்.

1. வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரியும். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடியுங்கள். அலைச்சல் குறையும், பெட்ரோலும் மிச்சம்.

2. திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் மலைக்கு 500 படிகளுக்கு மேல். சனிக்கிழமை வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடுங்கள்; மதியம் நடை சாத்திவிடுவார்கள். மூட்டுவலிக்காரர்கள் கீழே பக்தவத்சலேஸ்வரரைத் தரிசித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

3. அந்த மலையிலேயே இருக்கும் ஒருகல் மண்டபத்தையும் பாருங்கள். பல்லவர் கால குடைவரை அது. 17-ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கல்லில் கீறி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் சாவி, ஆணி இருந்தால் முதலில் வாங்கி வையுங்கள்!

4. குரங்குகள் கவர் சத்தத்துக்கே ஓடிவரும். தின்பண்டத்தைத் துணிப்பைக்குள் வைத்து, ஜிப் போட்ட பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

5. கட்டுச்சோறு என்றால் புளியோதரைதான். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, தேங்காய் சேர்க்காமல், நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

6. சனி மாலை மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை, மகிஷாசுரமர்த்தினி குகை என்று குன்றைச் சுற்றி வாருங்கள். கடற்கரைக் கோயில் கிழக்குப் பார்த்தது. ஞாயிறு காலை வெயிலில் பார்க்க வேண்டும். ஐந்து ரதங்களில் பெரும்பாலானவை மேற்குப் பார்த்தவை. அன்று மாலைக்கு வையுங்கள். ஒரே டிக்கெட்டில் அன்றைக்கே இரண்டையும் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை.

7. அர்ச்சுனன் தபசுக்கும் காலை வெயில்தான். முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் இருக்கும் எலிகளையும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில், ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

8. கடலில் கால் நனைப்பதோடு சரி. நீரோட்டம் கரையோரத்திலேயே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம்.

9. ஞாயிறு காலைக்கும் மாலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போய்வரலாம். கல்லறைப் பலகைகளில் எழுத்தும் சின்னங்களும் செதுக்கியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நிழல் குறைவு, குடை, தண்ணீர் அவசியம்.

10. புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பம் வாங்கும்போது மாக்கல்லா, கருங்கல்லா என்று கேளுங்கள். மாக்கல் மென்மையானது, நகம் பட்டாலே கீறல் விழும், விலையும் குறைய வேண்டும். துண்டில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். ஊர் திரும்பியதும் மூக்குக்கண்ணாடியையும், பைக்கில் வந்திருந்தால் அதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று துருவை விட்டுவிட்டுத்தான் போகும்.