டர்போ பொருத்துமுன் தாங்குதிறன் அறிக

கார் எஞ்சின் தரும் ஆற்றல் அது உட்கொள்ளும் காற்றைப் பொறுத்ததாகும். ஓர் எடை பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 எடை காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றைக் கொண்டே இயங்குகிறது. ஆகவே காற்றை மிகுவிக்காமல் பெட்ரோலை மட்டும் மிகுவிப்பதால் பயனில்லை. இக்குறையை நீக்க எழுந்ததே டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இயங்கும் முறை

எரிந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுள் செலுத்துகிறது. வீணாகும் புகையே வேலை செய்கிறது என்பது இதன் சிறப்பு. ஆயின் அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சிலிண்டரினுள் பிஸ்டன் அதனை மேலும் அமுக்க, எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்போ முறைதவறியோ எரிந்து பிஸ்டனைத் தாக்கும். பட்டறைகளில் 'நாக்கிங்' என வழங்கும் இதுவே டர்போ மாற்றத்தின் முதற்பகை.

இரு சான்றுகள்

அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தன் 3.5 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ பொருத்தி 'ஜெட்ஃபயர்' காரை வெளியிட்டது. எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25 என உயர்வாகவே விடப்பட்டது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனாலும் கலந்த நீர்மம் தனிக் கலத்திலிருந்து பாய்ச்சப்பட்டது. கலம் வற்றினால் டர்போவின் அழுத்தம் கட்டுப்படுத்தப்படும். காரின் வேகமும் குன்றும். உரிமையாளர் பலர் கலத்தை நிரப்ப மறந்தனர். இறுதியில் பல கார்களில் டர்போ கழற்றப்பட்டு, வழக்கமான கார்புரேட்டரே மீண்டும் அமர்ந்தது.

சுவீடனின் சாப் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் 'சாப் 99 டர்போ'வை அறிமுகப்படுத்தியபோது வேறு வழியை மேற்கொண்டது. டர்போவின் சுமையை எண்ணி அமுக்க விகிதத்தை 7.2ஆகக் குறைத்தது, எஞ்சினையும் அவ்வெப்பம் தாங்குமாறு அமைத்தது. அக்கார் நிலைத்த புகழ் பெற்றது.

செய்யவேண்டுவன

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் தெளிவானது. டர்போவை வாங்கிப் பொருத்துவது மாற்றத்தின் ஒரு பகுதியே. அமுக்க விகிதத்தைக் குறைத்தல், தாங்கும் பிஸ்டன்களை இடுதல், மிகுந்த காற்றுக்கேற்பப் பெட்ரோலும் பொறியும் அமையச் செய்தல், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தல் ஆகியனவும் வேண்டும். டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்லது. தூய எண்ணெய் இடையறாது பாயாவிடில் அது விரைவில் அழியும். கிளச்சும் பிரேக்கும் புதிய வேகத்திற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓட்டுபவர் உயிர் பிரேக்கை நம்பியிருக்கிறது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச்சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதையும் மாணவர்கள் மறத்தலாகாது.

எஞ்சினுக்கு வலிமை சேர்ப்போர், அவ்வலிமையைத் தாங்கும் உறுதியை முதலில் சேர்த்தல் வேண்டும். வரிசை மாறினால் சேர்த்த வலிமையே எஞ்சினை உடைக்கும்.